தடித்த எழுத்தும் தேற்றேகாரமும்



காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் இராசசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அவை ஒரே எழுத்து வகையில் அமையவில்லை. பல்லவ கிரந்தம் உண்டு, நாகரி உண்டு, சுருண்டு நெளியும் அலங்கார எழுத்தும் உண்டு. 1890இல் ஹுல்ச் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பாடமாக அச்சேற்றியபோது பெயர்கள் வந்து சேர்ந்தன. அழகு கல்லிலேயே தங்கிவிட்டது.

கணிப்பொறியில் கவிதை எழுதுவோர் இன்று நாள்தோறும் காண்பதும் இதுவே. தடித்தோ சாய்ந்தோ அமைத்த சொல், வெறும் உரையாக மாற்றப்படும்போது தடிப்பையும் சாய்வையும் உதிர்த்துவிடுகிறது. யூனிகோடு எழுத்துக்கு எண் தருகிறது, கோலத்துக்குத் தருவதில்லை. 2001இல் கணிதக் குறியீட்டின் பொருட்டு உரோமன் எழுத்துகளின் தடித்த, சாய்ந்த வடிவங்களுக்குத் தனி எண்கள் கிடைத்தன. ஆங்கிலத்தில் சிலர் அவற்றை அழகுக்காகக் கடன்வாங்குகின்றனர். (பார்வையற்றோர்க்கு உரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அங்கே தடுமாறக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.) தமிழெழுத்துக்கு அந்தக் கடனும் இல்லை. சொல்லின் இருபுறமும் உடுக்குறி இடுவதே எஞ்சிய வழி.

இழப்பு எவ்வளவு? மெய்க்குப் புள்ளிகூட இடாமல் எழுதப்பட்ட ஏடுகளில் தடித்த எழுத்து ஏது? பாட்டும் உரையும் ஒரே ஓட்டமாகச் செல்லும் ஓலையில், ‘என்பது’, ‘என்றவாறு’ எனச் சொல்லாலேயே உரைகாரர் வரம்பு கட்டினர். அழுத்தத்துக்கு ஏகாரம் இருந்தது. ‘அவன் வந்தான்’ என்பது செய்தி. ‘அவனே வந்தான்’ என்னும்போது பிறர் விலகி நிற்கின்றனர். எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் இந்த அழுத்தம் உதிராது. காஞ்சிச் சேலையின் கோர்வைக் கரை உடலோடு பின்னி நெய்யப்படுவது போன்றது இது, மேலே ஒட்டியதன்று. ஆயினும் தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களுள் ஈற்றசையும் ஒன்று என்பதை ஏகாரத்தை அள்ளித் தெளிக்கும் கவிஞர்கள் நினைவிற்கொள்வது நன்று.

ஏகாரத்தால் ஆகாததும் உண்டு. நாகபந்தம் போன்ற சித்திரகவியில் எழுத்து நிற்கும் இடமே கவிதையின் பாதி. அதை வெறும் உரையாக அனுப்பினால் பாம்பு அவிழ்ந்து கயிறாகிவிடும். படத்தையும் உடன் அனுப்பவேண்டும். திருவெழுகூற்றிருக்கையோ வேறு வகை. சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய அவ்வகையில், ஒன்று முதல் ஏழு வரை ஏறி இறங்கும் எண்கள் சொற்களிலேயே உள்ளன. தேரை வரையாமல் அச்சிட்டாலும், அவ்வெண்களைத் தட்டுத்தட்டாக அடுக்குபவர் கையில் தேர் மீண்டும் எழும்.