குழந்தை பேசத் தாமதமானால் மொழியைக் குறை சொல்லாதீர்கள்

(வாணியம்பாடியில் நம் அறக்கட்டளை நடத்திய தாய்மார்கள் கூட்டத்தில், பேச்சு மற்றும் கேட்டல் பயிற்சியாளரான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் பகுதியில் நிறைய வீடுகளில் உருது பேசுகிறோம். வாசலைத் தாண்டினால் தமிழ். தாதியிடம் உருது, பால்காரரிடம் தமிழ். கைக்குழந்தையின் காதிலும் காலை முதல் இரவு வரை இரண்டு மொழிகளும் விழுகின்றன. அந்தக் குழந்தை இரண்டு வயதாகியும் பேசாவிட்டால், "ரெண்டு பாஷை பேசுறோம், பிள்ளை குழம்பிப் போச்சு" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். வயது மூன்றரை. இரண்டு வயதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "இரண்டு மொழி கேட்கிற பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்" என்று எல்லோரும் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் உருதுவை நிறுத்தினார்கள். தமிழ் சரளமாக வராத தாதி, பேரனோடு பேசுவதையே விட்டுவிட்டார். கேட்டல் பரிசோதனை செய்தோம். பையனுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகவும் குறைவு. உருதுவும் சரியாகக் கேட்கவில்லை, தமிழும் சரியாகக் கேட்கவில்லை. "ஒன்றரை வருஷம் போச்சேம்மா" என்று மட்டும் அந்தத் தாய் சொன்னார்.

அந்த ஒன்றரை வருஷம் இன்னொரு பிள்ளைக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. 1993-ல் அமெரிக்காவின் மியாமி நகரில் பார்பரா பியர்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் கேட்டு வளர்ந்த 25 குழந்தைகளின் சொற்களைக் கணக்கெடுத்தார்கள். வயது 8 மாதம் முதல் 30 மாதம் வரை. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது, ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தைகளைவிட அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை.

ஆகவே நீங்களும் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். உங்கள் குழந்தைக்கு உருதுவில் 30 சொல், தமிழில் 25 சொல் வருகிறது என்றால், அதற்கு 55 சொல் தெரியும். 'பானி'யும் 'தண்ணி'யும் இரண்டு சொற்கள்தான். "பால் ஹோனா" என்று கலந்து கேட்டால் கவலைப்பட வேண்டாம். இரண்டு சொல்லைச் சேர்க்கக் கற்றுக்கொண்டது என்று சந்தோஷப்படுங்கள். பெரியவர்கள் நாமும் அப்படிக் கலந்துதானே பேசுகிறோம்!

எப்போது கவலைப்பட வேண்டும்? நான்கு அடையாளங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, 12 மாதமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது. இரண்டு, 16 மாதமாகியும் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வராதது. மூன்று, 24 மாதமாகியும் தானாக இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாதது. நான்கு, எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழப்பது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வசம்பு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். கைதட்டினால் திரும்புகிறான் என்பது போதாது. கொஞ்சம் கேட்டாலும் சத்தத்துக்குத் திரும்பிவிடுவான். பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்காது. கைக்குழந்தைக்கும் செய்யக்கூடிய பரிசோதனைகள் இருக்கின்றன. வலி கிடையாது.

செலவுக்குப் பயந்து யாரும் இருந்துவிடக் கூடாது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. அவர்களிடம் சொன்னால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். காது சுத்தமாகக் கேட்காத சிறு பிள்ளைகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதற்கு வயது வரம்பு இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேசுங்கள். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அந்த மொழியிலேயே பேசுங்கள். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதையே நீட்டிச் சொல்லுங்கள். "பில்லி" என்றால், "ஆமா, பில்லி பால் குடிக்குது" என்றோ, உருதுவிலோ சொல்லலாம். தாதியும் நானியும் கதை சொல்லட்டும். பேசுகிற மனிதருக்குப் பதிலாகக் கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள். 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்பதுதான் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன யோசனை.

அந்தப் பையன் இப்போது காதுக்கருவி போட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். பேச்சில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. பயிற்சி தொடர்கிறது. போனமுறை வந்தபோது தாதியும் உடன் வந்தார். வழி முழுக்க அவனோடு உருதுவில் பேசிக்கொண்டே வந்ததாகத் தாய் சொன்னார்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் இந்த வாரமே கிளம்புங்கள். நம் பிள்ளைகளின் செவியையும் நாவையும் அல்லாஹ் காப்பானாக.

வஸ்ஸலாம்.