பீரங்கியும் மணியும்



ஊவாத் தோட்டங்களிலே காமன் கூத்துக்கு அடுத்தபடியாக மக்கள் விரும்பிப் பார்ப்பது அருச்சுனன் தபசு. கொட்டும் பனியையும் பொருட்படுத்தாமல், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, விடிய விடிய விழித்திருந்து பார்ப்பார்கள். அத்தனை பேர் கண்விழித்திருப்பது எதற்காக? பாசுபதம் என்னும் ஓர் ஆயுதம் அருச்சுனன் கைக்கு வருவதைக் காண்பதற்காக. ஆயுதக் கதை என்றால் நமக்கு அவ்வளவு ஆசை. திரைப்படத்திலும் இதுதான் நிலை. வாள் வீச்சு இருந்த இடத்தில் இன்று துப்பாக்கியும் வெடிகுண்டும் வந்திருக்கின்றன; கைதட்டல் மட்டும் மாறவில்லை.

ஆனால், ஆயுதம் வருகிறது, விலகுங்கள் என்று முன்கூட்டிச் சொன்னவனுக்குக் கூத்தும் இல்லை, படமும் இல்லை. உண்மையான போர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், எத்தனையோ உயிர்களைக் காத்தவன் அவனே என்பது தெரியவரும். அவனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். பேச்சைத் தொடங்குவதற்குப் பூனாகலையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

பூனாகலையிலிருந்து மலைப்பாதை வழியே பண்டாரவளைக்கு ஏறினால், அங்கிருந்து சிறிது தூரத்தில் தியத்தலாவை. இராணுவப் பயிற்சிக்குப் பெயர்போன ஊர். தென்னாப்பிரிக்காவிலே பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் நடந்த யுத்தத்தில் சிறைப்பட்ட போயர்கள் 1900 ஆகஸ்டு முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறக்குறைய 5,000 பேர். தியத்தலாவையிலே தகரக் கொட்டகைகள் எழுந்தன. சுற்றிலும் முட்கம்பி வேலி. மாடுகள் பயிரில் இறங்காதிருப்பதற்காக அமெரிக்க விவசாயிகள் கண்டுபிடித்த கம்பி அது. முப்பது ஆண்டுகளுக்குள் மனிதரை அடைக்கும் கருவியாகிவிட்டது. அந்த வேலிக்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட போயர்கள் மாண்டனர். பெரும்பாலோரைக் கொண்டுபோனது காவலாளியின் துப்பாக்கி அன்று, குடற்காய்ச்சல்.

இந்தப் போயர்கள் விவசாயிகள்தாம். ஆயினும் அவர்களிடம் 'லோங் டொம்' என்று செல்லப்பெயர் பெற்ற பிரெஞ்சுப் பீரங்கிகள் நான்கு இருந்தன. ஒவ்வொரு குண்டும் 43 கிலோ எடை. ஆறு மைல் தூரம் பாயும். 1899 நவம்பரில் நேட்டால் மாகாணத்து லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டபோது, அவற்றுள் ஒன்றை அருகிலிருந்த குன்றின்மேல் ஏற்றி ஊரை நோக்கி முழக்கினார்கள். முற்றுகை 1900 பெப்ரவரி வரை நீடித்தது.

நகரத்தினுள் அகப்பட்டவர்களில் இந்தியக் கூலிகளும் இருந்தனர். நம் முன்னோர் தேயிலைக்கு வந்ததைப் போல, கரும்புக்கென்று 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட மக்கள். அவர்களுள் தமிழர் மிகப் பலர். அக்கூலிகளில் ஒருவர் வட இந்தியரான பிரபு சிங். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை விசித்திரமானது. ஒரு மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து குன்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பீரங்கியின் வாயில் தீப்பொறி தெரிந்த மாத்திரத்தில் கையிலுள்ள மணியை அடிக்க வேண்டும். ஒளி கண்ணிமைக்குமுன் வந்துவிடும். குண்டு வந்துசேரச் சில விநாடிகள் செல்லும். அந்தச் சில விநாடிகளுக்குள் தெருவில் நிற்பவர்கள் பதுங்குகுழிக்குள் இறங்கிவிடலாம். மரத்தின்மேல் இருப்பவர்? அவர் இறங்க முடியாது. அடுத்த பொறியையும் பார்க்க வேண்டுமல்லவா? ஒருமுறையேனும் அவர் மணி அடிக்கத் தவறியதில்லை என்று படையதிகாரிகள் பாராட்டியதாகக் காந்தியடிகள் தமது தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்தியாவின் வைசிராய் மாளிகையிலிருந்து காஷ்மீரத்து அங்கி ஒன்று அவருக்குப் பரிசாக வந்தது. லோங் டொம் பீரங்கியின் பெயர் யுத்த நூல்களிலெல்லாம் இருக்கிறது. பிரபு சிங்கின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதே கதை நம் தமிழ்மொழிக்குள்ளேயும் நடந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனமும் முரட்டுத்தனமும் கலந்த ஒருவரை 'அவர் பெரிய எம்டன்' என்கிறோம். 2006-ஆம் ஆண்டிலே 'எம்டன் மகன்' என்ற பெயரோடு ஒரு படம் புறப்பட்டு, 'எம் மகன்' என்று பெயர் மாறித் திரைக்கு வந்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பல். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, சென்னைக் கடற்கரையை அணுகி, எண்ணெய்த் தாங்கிகளின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்துவிட்டு, அரைமணி நேரத்துக்குள் மறைந்துபோயிற்று. யுத்தம் தொடங்கி ஏழு வாரமாகியும் நகரம் விளக்குகளோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது! எண்ணெய் எரிந்த வெளிச்சம் ஊரெல்லாம் தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினர். அந்த ஓட்டத்திலே பிறந்ததுதான் அச்சொல். அடுத்த சில நாட்களில் அதே கப்பல் இலங்கையின் மேற்குக் கடலிலே வர்த்தகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது.

எம்டன் எவ்வாறு அழிந்தது என்பதைத்தான் அச்சொல் நமக்குச் சொல்வதில்லை. 1914 நவம்பர் 9-ஆம் நாள் காலை, இந்து சமுத்திரத்தின் நடுவே கொக்கோஸ் தீவுகளிலுள்ள தந்தி நிலையத்தை அழிப்பதற்காக அது வந்தது. நான்கு புகைபோக்கியுள்ள பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றுவதற்காக, தன் மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகக் கித்தான் துணியால் ஒரு பொய்ப் புகைபோக்கியையும் கட்டியிருந்தது. கரையில் நின்று பார்த்தவர்களின் கண் ஏமாறவில்லை. இறங்கிய ஜெர்மானியர் நிலையத்தைக் கைப்பற்றுமுன்னரே, அந்நியக் கப்பல் ஒன்று வாயிலில் நிற்கிறது என்ற செய்தி கம்பியில்லாத் தந்தி மூலம் பறந்துவிட்டது. அப்போது கொழும்பை நோக்கித் துருப்புகளை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசையொன்று ஏறத்தாழ ஐம்பது மைலுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி உடனே திரும்பி விரைந்தது. பகல் முடிவதற்குள் எம்டன் பவளப்பாறையில் ஏறிய இரும்புக் குவியல். துப்பாக்கி இல்லாத தந்திக்காரர்கள் செய்த காரியம் இது. அவர்கள் பெயரால் ஒரு தமிழ்ச் சொல்லும் உண்டாகவில்லை.

இடையிலே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த யுத்தம் முடிந்தபின், கொழும்பிலே தந்தி இலாகாவினர் நடத்திய முதல் ஒலிபரப்புப் பரீட்சைகளுக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகள் பயன்பட்டன என்பர். கப்பலை மூழ்கடிக்கும் தொழிலில் இருந்த கருவி பாட்டுப் பாடும் தொழிலுக்கு வந்தது. நல்ல உத்தியோக மாற்றம்தான்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 4. கொக்கலையிலிருந்து புறப்பட்ட கத்தலீனா விமானமொன்று, இலங்கைக்குத் தெற்கே நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டது. விமானி லெனார்டு பேர்ச்சல் என்ற கனடியர். திரும்பிப் பறந்திருந்தால் தப்பியிருக்கலாம். அவர் கப்பல்களை எண்ணிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். செய்தி முடியுமுன்னே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. தோழர்களிற் சிலர் மாண்டனர். அவர் யுத்தம் முடியும்வரை ஜப்பானியர் சிறையில் இருந்தார். அவர் அனுப்பிய செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. மறுநாள் காலை, ஈஸ்டர் ஞாயிறு. புதிய கருவியான ராடார் கொழும்பில் இருந்தது. முதல் நாளே செய்தியும் வந்திருந்தது. இருந்தும், ஜப்பானிய விமானங்கள் தலைக்குமேல் வந்தபோது இரத்மலானையில் நமது விமானங்கள் தரையிலே நின்றன. ஒருவன் உயிரைப் பணயம் வைத்து அனுப்பிய செய்தி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கையிலிருந்தும், கடைசிப் பத்து நிமிடத்தில் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்துவிட்டது.

இனிப் பூனாகலைக்கு வருவோம். இங்கே எதிரி பீரங்கியோடு வருவதில்லை, மழையோடு வருகிறான். ஓர் ஏக்கர் நிலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்நிலத்தில் விழுந்த நீர் ஆறு இலட்சம் லீற்றர். அதன் எடை அறுநூறு தொன். லோங் டொம் குண்டு பதினாலாயிரத்தின் எடை ஓர் ஏக்கர்மேல் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நீரும் நிலத்தில் தங்குவதில்லை என்பது உண்மை; உள்ளே இறங்கிய பங்கு மண்ணுக்கும் பாறைக்கும் இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் காலை, பூனாகலைக்கு அயலிலே, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு அப்படியே இறங்கி லயன்களை மூடியது. உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதுக்கு மேற்பட்டோர். பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் வீடு திரும்பியபோது வீடு இருந்த இடம் சேறாக இருந்தது. 2023 மார்ச் 19-ஆம் நாள் இரவு, பூனாகலை கபரகலைத் தோட்டத்திலேயே மண் சரிந்தது; மீரியபெத்தையைப் போன்ற பேரிழப்பு நேரவில்லை; ஆயினும் லயன்கள் உடைந்தன, சிலர் காயமுற்றனர், பல குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலிலும் பதுளை மாவட்டத்துக்குப் பேரழிவு நேர்ந்தது.

மரத்தின்மேல் மணியோடு ஒருவர் இங்கே இருந்தாரா? இருந்தார். மீரியபெத்தை அபாயமான நிலம், மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. மழைக்கும் அவர்கள் படி வைத்திருக்கிறார்கள்: இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் ஆனால் விழிப்பு, 100 ஆனால் புறப்பட ஆயத்தம், 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 ஆனால், வெளியேற்றம். மழைமானி என்பது மலிவான கருவி; ராடாரோடு ஒப்பிட்டால் குழந்தை விளையாட்டு. அதனைப் பார்க்கப் பட்டம் வேண்டியதில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி ஓடும் ஊற்று, காரணமின்றி இறுகிப்போகும் கதவு, இவற்றையெல்லாம் மழைமானிக்கும் முன்பே தோட்டத்துப் பெண்கள் காண்பார்கள். கண்டதைச் சொன்னால் கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

தோட்டங்களிலே ஒலிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. விடிவதற்கு முன்பே பெரட்டுத் தப்பு முழங்கும். பின்னர் தொழிற்சாலைச் சங்கு ஊதும். வேலைக்கு அழைப்பதற்கென்று இவ்வளவு சீராக ஓர் ஏற்பாட்டை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடத்தத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, உயிர் தப்பி ஓடுவதற்கென்று ஒரு தப்பை ஒதுக்கி வைக்கத் தெரியாதா? தெரியும். நினைவுதான் வரவில்லை. கொழும்பில் எழுதப்படும் எச்சரிக்கை, நள்ளிரவில் லயத்துக்கு வந்துசேரும்போது அங்குள்ளவர் பேசும் தமிழிலே வந்துசேர வேண்டும் என்பதும் அப்படி நினைவுக்கு வரவேண்டிய விஷயந்தான். இந்த ஒலிபெருக்கியின் முன்னால் அமர்ந்து பேசுகிற எங்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இன்னுமொன்று. பிரபு சிங் மணியடித்தபோது கீழே பதுங்குகுழி இருந்தது. மணியோசை கேட்டவர்களுக்கு எங்கே ஓடுவது என்பது தெரிந்திருந்தது. மீரியபெத்தை மக்களுக்குப் போ என்று சொல்லப்பட்டது. எங்கே என்று சொல்லப்படவில்லை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் அவ்வாறே. தமக்கென்று ஒரு பேர்ச் காணி இல்லாதவர் எந்த ஊருக்குப் போவார்? சிலர் எச்சரிக்கையை அலட்சியம் செய்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவோர் தாங்கள் வாடகை கொடுக்கும் வீட்டைவிட்டு, மூன்று பிள்ளைகளோடு, நாளைக் காலை வேலையையும் விட்டு, முகவரியில்லாமல் ஒருமுறை கிளம்பிப் பார்க்கட்டும். மண் சரிந்த பிறகு தப்பியவர்கள் நெடுங்காலம் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கினர். இரண்டு ஆண்டுகளின் பின், 2016-இல், பூனாகலைப் பக்கத்து மாகல்தெனியவில் அவர்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நிலம் இருந்தது. செங்கல்லும் இருந்தது. 2005-ஆம் ஆண்டிலும் அவை இரண்டும் அங்கேதான் இருந்தன.