விதைக்கு உரிய செடி

புதைபடிவச் செடி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். இங்கிலாந்தின் நிலக்கரிப் படுகைகளில் கிடைத்த ஒரே செடியின் தண்டை லிஜினோடெண்ட்ரான் என்றும், வேரைக் கலோசைலான் என்றும், விதையை லாஜினோஸ்டோமா என்றும் வெவ்வேறு செடிகளாக எண்ணிப் பெயரிட்டிருந்தார்கள். இலையோ பார்வைக்குப் பெரணி. பெரணிக்கு விதையே கிடையாதே! 1903-இல் முடிச்சு அவிழ்ந்தது. தாவரவியலாளர் ஆலிவர் விதையை ஆராய்ந்தார், அவருடன் உழைத்த ஸ்காட் தண்டை அறிந்தவர். புதைபடிவக் கல்லை ஒளி ஊடுருவும் சீவல்களாக அறுத்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் லோமாக்ஸ். விதைக்கு அவர் பெயரையும் சேர்த்தது பொருத்தம்தான். விதையைச் சூழ்ந்த கிண்ண உறையிலிருந்த குமிழ்த்தலைச் சுரப்பிகள் தண்டிலும் இலைக்காம்பிலும் அப்படியே இருந்தன; ஆகவே எல்லாம் ஒரே செடியின் உறுப்புகள்.

விதை இலையோடு ஒட்டிக் கிடைக்கவில்லையே, இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் கூடவே கிடைத்த வேறெந்தச் செடியிலும் அந்தச் சுரப்பி இல்லை. மறு ஆண்டே கிட்ஸ்டன் என்ற ஆய்வாளர், இன்னொரு வகைச் செடியில், பெரணி போன்ற இலையோடு ஒட்டிய விதையையே காட்டிவிட்டார்.