ஐந்து மா ஒரு கால்

 

இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தபோது பெருமையாக இருந்தது. உடனே தயக்கமும் வந்தது. அன்றாடம் முப்பது, நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பவர்களிடம் கற்பித்தலைப் பற்றிப் பேசுவது எளிதான பொறுப்பல்ல. அதனால் பியாஜேயையும் இடமதிப்பையும் பற்றி நீங்கள் அறிந்ததைத் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

‘தொடக்கநிலைக் கணிதத்தில் எளிய கணினிக் கருவிகள்’ என்பது நமக்கு வகுக்கப்பட்ட பொருள். 1967இல் ஃபர்சாய்க், பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ, 2007இல் வெளியான ஸ்கிராட்ச், டக்ஸ் மேத், ஜியோஜீப்ரா ஆகியவை பற்றியெல்லாம் கட்டுரைகள் வந்துள்ளன. எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளிலுள்ள பிள்ளைகளுக்குக் கைப்பேசியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அமர்வுத் தலைவர்கள் அவற்றை என்னைவிட நன்றாக எடுத்துரைப்பார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் ஒன்றைப் பேச அனுமதி கேட்கிறேன்.

நம் துறையில் வடோதரா ஆய்வை மேற்கோள் காட்டாத கட்டுரை அரிது. பானர்ஜி, கோல், டூஃப்லோ, லிண்டன் ஆகிய நால்வரும் 2007இல் வெளியிட்டது. மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து, வாரம் இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகள் ஆடினார்கள். முதல் ஆண்டில் 0.35 திட்டவிலக்கமும், இரண்டாம் ஆண்டில் 0.47 திட்டவிலக்கமும் மதிப்பெண் உயர்ந்தது. நம் கட்டுரைகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. இந்த அவையிலுள்ள நண்பர்கள் சிலரும் அப்படி எழுதியிருக்கிறார்கள்; அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு, அதனால்தான் நேரில் சொல்கிறேன். அதே கட்டுரையின் பின்பகுதி, திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபோது அந்தப் பயன் ஏறத்தாழ 0.1 ஆகச் சுருங்கியிருந்தது என்று சொல்கிறது. அதே ஆய்வில் ஊர்ப் பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த ‘பால்சகி’ திட்டமும் இருந்தது. அதற்கு ஆண்டுக்குப் பிள்ளைக்கு 2.25 டாலர் செலவு. கணினித் திட்டத்துக்கு 15.18 டாலர். பால்சகியின் பயனும் பின்னர் தேய்ந்தது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு செலவையும் அருகருகே வைத்துக் காட்டும் திட்ட அறிக்கை எதுவும் என் கண்ணில் படவில்லை.

இன்னொரு கட்டுரையை நாம் திறப்பதே இல்லை. அந்த நால்வரில் ஒருவரான லீ லிண்டன் 2008இல் தனியாக எழுதியது. குஜராத்தில் கியான் ஷாலா அமைப்பின் வகுப்புகளில் கணினி நேரத்தை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தார்கள். பாட நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது மதிப்பெண் 0.28 திட்டவிலக்கம் உயர்ந்தது. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தபோது 0.57 திட்டவிலக்கம் விழுந்தது. ஒரே மாநிலம், ஒரே மென்பொருள். நல்ல ஆசிரியரின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் கணினி கெடுதல் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டிலிருந்து வேறு இல்லை என்று கருதுகிறேன். ஒவ்வொரு கணினி ஆய்வகத் திறப்பு விழாவிலும் இதை உரக்கப் படிக்க வேண்டும்.

இதைக் கேட்டு என்னைக் கணினிக்கு எதிரானவன் என்று எண்ணிவிடாதீர்கள். என் குறை கருவியைப் பற்றியது அல்ல; அந்தக் கருவியில் கேள்வி கேட்பது யார், கட்டளையிடுவது யார் என்பதைப் பற்றியது. திரை ஒரு கணக்கைப் போடுகிறது, பிள்ளை விடையைத் தட்டுகிறது, திரை ‘சபாஷ்’ என்கிறது. இது வாய்ப்பாடு ஒப்பிப்பதன் மறுவடிவம். பேப்பர்ட் 1980இல் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் கேட்டுக்கொண்டது இதற்கு நேர் எதிரானது: பிள்ளை கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே நாம் பிள்ளைகளை மறுபடியும் தேர்வெழுத வைக்கிறோம். வடோதராவில் கண்ட பயன் ஓராண்டில் கரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. ஆய்வு இதை நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கால்குலேட்டர் விவாதத்துக்கு வருகிறேன். முன்பொரு கருத்தரங்கில் மூத்த அறிஞர் ஒருவர், எட்டாம் வகுப்புக்கு முன் அதைப் பிள்ளை கையில் கொடுப்பது மூளையை மழுங்கடிக்கும் என்றார். இங்கிலாந்தே 2014இல் பதினொரு வயதுப் பிள்ளைகளின் தேசியத் தேர்விலிருந்து அதை நீக்கிவிட்டது என்பதையும் சான்றாக வைத்தார். அன்று மறுத்துப் பேச நேரம் கிடைக்கவில்லை. தேர்வு அறையின் விதி, வகுப்பறையில் நடப்பதற்குச் சான்றாகாது. அதே இங்கிலாந்தில் 1986 முதல் ஹிலரி ஷுவார்ட் நடத்திய திட்டத்தில், ஆறு வயதிலிருந்தே பிள்ளைகள் கையில் கால்குலேட்டர் இருந்தது; மேலும் கீழுமாக எழுதிக் கூட்டும் முறையை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பிள்ளைகள் மனக்கணக்கை விட்டுவிடவில்லை. தாங்களே வழிகளைக் கண்டுபிடித்தார்கள், குறை எண்களையும் சின்ன வயதிலேயே சந்தித்தார்கள். எப்படி என்று உங்களுக்குப் புரியும். மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு, சாதாரணக் கடைக் கால்குலேட்டரில் சமக்குறியை அழுத்திக்கொண்டே போனால் இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று இறங்கி, அதற்குப் பிறகும் இறங்கும். பூச்சியத்துக்குக் கீழே என்ன என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்கவில்லை, பாடநூலும் கேட்கவில்லை. ஏழாம் எண் பொத்தான் உடைந்துவிட்டது, 37ஐயும் 48ஐயும் கூட்டிக் காட்டு என்று சொல்லிப் பாருங்கள். இடமதிப்புப் பாடம் அங்கேயே நடந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இதை நாள்தோறும் பயன்படுத்த வேண்டாம் என்று இங்கிலாந்தின் கல்விக் கொடை அறக்கட்டளை 2017இல் சொன்ன எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். எட்டாம் வகுப்பு வரை தடை என்பதை ஏற்க இயலாது.

இனி நான் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருகிறேன். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒப்பித்த எண் வாய்ப்பாடான எண்சுவடி நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றி வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு விரிவாக எழுதியும், கணிதக் கல்விக்காரர்களான நாம் அதை வரலாற்றுக்காரர்கள் பொருள் என்று ஒதுக்கிவிட்டோம். வெறும் மனப்பாடம் என்று தள்ளுகிறவர்கள் ஒரு பக்கம். எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது என்று போற்றுகிறவர்கள் மறுபக்கம். இரு தரப்பாரும் எண்சுவடியில் வரும் பின்னங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்ததில்லை.

எக்செல் என்று பொதுவாக நாம் சொல்லும் விரிதாளை, எந்தப் பழைய மடிக்கணினியிலும் இருக்கும் இலவச மென்பொருளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முன் வெறுமையாகத் திறந்து வையுங்கள். முதல் நிரலின் தலையில் கால், அதாவது 1/4. மேலே உள்ள கட்டத்தில் பாதி என்று சூத்திரம் கொடுத்துக் கீழே இழுக்கச் சொல்லுங்கள். அரைக்கால், மாகாணி, அரைவீசம், கால்வீசம் என்று வரும்: 0.25, 0.125, 0.0625, 0.03125, 0.015625. பக்கத்து நிரலின் தலையில் மா, அதாவது 1/20. அதே சூத்திரம். அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி: 0.05, 0.025, 0.0125, 0.00625, 0.003125. மூன்றாம் நிரலில் முதலாவதை இரண்டாவதால் வகுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ்வரை 5, 5, 5, 5, 5. ஐந்து மா ஒரு கால். ஐந்து அரைமா ஓர் அரைக்கால். ஐந்து காணி ஒரு மாகாணி. கடைசியில் ஐந்து முந்திரி ஒரு கால்வீசம்.

இந்தத் தாளில் கணினி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஏன் எல்லா வரியிலும் ஐந்து வருகிறது என்பது பிள்ளையின் கேள்வி. இரண்டையும் ஒரே மாதிரி பாதியாக்கினால் விகிதம் மாறாது என்பது அந்த வயதுக்கு எட்டக்கூடிய விடை; விகிதச் சமன்பாட்டுக்கு அதுவே வாசல். இன்னொரு பிள்ளை தலைக்கட்டத்தில் 1/3ஐப் போட்டுவிட்டு, ஏன் இது மட்டும் முடியாமல் 3, 3 என்று ஓடுகிறது என்று கேட்கலாம். முந்திரியின் கீழெண்ணான 320ஐ ஆறு இரண்டுகளாகவும் ஓர் ஐந்தாகவும் பிரித்துக் காட்ட ஆசிரியருக்கு அப்போது காரணம் கிடைக்கிறது. அரையும் காலும் கடந்த பின்னங்களுக்கு நம் பாடநூல்கள் பெரும்பாலும் வட்டத்தையும் சதுரத்தையும் வெட்டிக் காட்டுகின்றன. 1/80ஐ எந்த வட்டத்தை வெட்டிக் காட்டுவது?

எண்சுவடியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்வதாக யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். முந்திரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாதியாக்கலும் ஐந்தும் பின்னிய, கணிதமாகச் செறிந்த அமைப்பு ஒன்று தமிழில் பெயர்களோடு கிடைக்கிறது. மிக மலிவான மென்பொருள் அதைப் பிள்ளையின் கையால் கட்ட உதவுகிறது. புதிய செயலிக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் இதை நாம் முயன்றிருக்க வேண்டும். ஆசிரியருக்குத் தேவைப்படுவது ஒரு மடிக்கணினியும் ஒரு பிற்பகலும், தன் பாட நேரம் தன் கையிலேயே இருக்கும் என்ற உறுதியும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் முன்வைக்கும் கருவியில் பிள்ளை என்ன கட்டளை கொடுக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த நேரம் எந்தப் பாட வேளையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத கட்டுரைகளின் மதிப்பெண் அட்டவணைகளை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று பிற்பகல் செயல்முறை அமர்வில் மடிக்கணினிகள் இருக்கும். மேலே சொன்ன மூன்று நிரல்களை அங்கே ஆசிரியர்களோடு போட்டுப் பார்க்கப் போகிறோம். என்னோடு மாறுபடுபவர்கள், குறிப்பாகக் கால்குலேட்டர் பற்றி அன்று பேசிய பெரியவரின் மாணவர்கள், முதல் வரிசையில் வந்து அமர வேண்டும். உங்கள் மறுப்பை அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்க விரும்புகிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.