குவியலுக்குள் கைவிட்டுப் பாருங்கள்!

(பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய புறநகர் ஒன்றில், இஷா தொழுகைக்குப் பின் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் நமது அமைப்பாளர் மவ்லவி ஆற்றிய உரை.)

 

நம் பகுதியை ஒட்டிப் பெரிய அடுக்குமாடித் தொகுப்பு ஒன்று வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. குடியிருப்போர் நலச் சங்கத்தார் வீடு வீடாக வந்து மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நம் வீடுகளுக்கும் வந்தார்கள். "ஜமாஅத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்பி விட்டோமாம்! வெள்ளம் ஜமாஅத்தைக் கேட்டுக் கொண்டா வீட்டுக்குள் வரும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த செய்தி வணிகர்களாகிய உங்களுக்குப் புதிதல்ல. மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இந்த நிலத்துக்குள்ளும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணைக் கழுவெளியில்தான் வந்து தங்குகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். தங்க இடமில்லாத தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் பார்த்தோம். 2015-ல் நம் இளைஞர்கள் சாதி மதம் பாராமல் மக்களை மீட்டார்கள், பள்ளிவாசல்கள் திறந்து விடப்பட்டன, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வெள்ளம் வந்தபின் படகு தேடுவது மட்டும்தான் சமுதாயப் பணியா?

2022-ல் இந்தச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அதில் காப்புக் காடு ஏறத்தாழ 700 ஹெக்டேர்தான். மீதியில்தான் இன்று தகராறு. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி தரக்கூடாது என்று சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மக்களும் அமைப்புகளும் கேள்வி கேட்டதால் வந்தவை இவை. தானாக வரவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக் கொள்ளலாம் என்று சிலர் இருக்கிறீர்கள். போட மாட்டார்கள், சகோதரர்களே! 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. அனுமதி கிடைத்ததும் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வரும். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் நாம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தால் யாரைக் குறை சொல்வது?

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. முஸ்லிம் என்றால் வாடகைக்கு வீடு தர மறுக்கிறார்கள், இங்கே சொந்தமாக வாங்கலாம் என்றால் அதையும் தடுப்பதா என்கிறார்கள். இந்த வலி எனக்குத் தெரியும். அதற்காகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் வீடு வாங்கித் தலைமுறைக் கடனில் விழுவதா? வளைகுடாவில் வியர்வை சிந்திய காசு அது! முன்பதிவு செய்தவர்கள் கவனியுங்கள்: 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யாத திட்டத்தில் வீட்டை விற்கவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவும் கூடாது. ரசீதை எடுத்துப் பாருங்கள். சிமென்ட், கம்பி, மின்சாமான் ஆர்டர் நமக்கு வரும் என்று காத்திருக்கும் கடைக்காரச் சகோதரர்களுக்கும் சொல்கிறேன். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அண்டை வீட்டானின் தரையில் தண்ணீர் ஏற்றித்தான் அதைத் தருவான் என்றில்லை.

பள்ளிவாசலுக்கு இடம் தருகிறோம் என்று அவர்கள் தரப்பில் ஆள் வந்ததை மறைக்க விரும்பவில்லை. நம்மில் சிலர் அப்போதே மனம் குளிர்ந்து விட்டார்கள். மதீனாவில் மஸ்ஜித் கட்டிய இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். அப்படியிருக்க, வாய்மூடி இருப்பதற்கு விலையாக வரும் இடத்தில் எப்படி ஸஜ்தா செய்வது? தேவையில்லை என்று சொல்லி அனுப்பி விட்டோம்.

நான் கட்டடமே கூடாது என்று பேச வரவில்லை. அது சுத்தமான பட்டா நிலம், நீர்வழி இல்லை, ராம்சார் எல்லைக்கு வெளியே என்று பதிவேடு சொன்னால் எதிர்ப்பை விட்டுவிடுங்கள் என்று நானே சொல்வேன். பதிவேட்டைப் பார்க்காமல் ஆதரிப்பதும் தவறு, எதிர்ப்பதும் தவறு.

ஆகவே வருகிற ஜும்ஆவுக்குப் பின், படித்த இளைஞர்கள் நாலு பேர் அலுவலகத்துக்கு வாருங்கள். சர்வே எண்ணைக் குறித்து வைத்திருக்கிறோம். 'அ' பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுக்க வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் சி.எம்.டி.ஏ.வுக்கு ஒரு மனு, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு மனு. முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். நலச் சங்கத்தாரின் அடுத்த கூட்டம் ஞாயிறு மாலை, பிள்ளையார் கோயில் தெருவில். ஜமாஅத் தலைவரும் நானும் இன்ஷா அல்லாஹ் போகிறோம். முன்பதிவு ரசீது உள்ளவர்கள் நகல் எடுத்து வாருங்கள். வஸ்ஸலாம்.