அவர் ஃபைல் அவர் கைக்கு வரட்டும்!

(சதுரங்கப்பட்டினத்தில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் கடற்கரைப் பகுதி இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மூன்று வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டேன். இப்போது பார்க்கும் டாக்டர், முன்பு என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்கிறார். பழைய இடத்தில் போய் என் ஃபைலைக் கேட்டால், 'உன்னிடம் தர மாட்டோம், அத்தாவை அனுப்பு' என்கிறார்கள்" என்றார்.

அவருடைய அத்தா மவுத்தாகி இரண்டு வருடம் ஆகிறது!

சர்க்கரை நோயாளி கேட்டால் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிறார்கள். மனநோயாளி கேட்டால் மட்டும் ஏன் இந்த மறுப்பு? அவர் மனிதர் இல்லையா?

சகோதரர்களே! ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 உயிர்கள் போயின. அன்றைக்கும் 1987ஆம் வருட மனநலச் சட்டம் இருந்தது. நோயாளியின் வாய்ச்சொல்லைக் கேட்கத்தான் ஆளில்லை. நோயாளியின் பேச்சுக்கு மதிப்பில்லை என்று முடிவு செய்துவிட்டால், அது எங்கே போய் முடியும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி.

இன்றைய சட்டம் வேறு. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. அதன் 25ஆம் பிரிவு, தன் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கே தருகிறது. 23ஆம் பிரிவு, அவரது நோய் விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது.

விதிவிலக்கு உண்டா? உண்டு. ஒரு குறிப்பிட்ட தகவல் நோயாளியின் மனதைக் கடுமையாகப் பாதிக்கும், அல்லது பிறருக்கு ஆபத்தாகும் என்றால், டாக்டர் அந்தத் தகவலை மட்டும் நிறுத்தி வைக்கலாம். அப்போதும், மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிட உரிமை உண்டு என்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். முழு ஃபைலையும் பூட்டி வைக்க இது சாக்கு அல்ல.

வணிகச் சகோதரர்களே! இதை நன்றாகக் கேளுங்கள். "தம்பிக்கு மூளை சரியில்லை" என்று சொல்லிக் கடையில் அவர் பங்கை அமுக்குகிறோமா இல்லையா? மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. அதை உரிய நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. டாக்டர் சீட்டைக் காட்டி ஹக்கைப் பறிக்க முடியாது. நாளை அல்லாஹ்விடமும் பதில் சொல்ல வேண்டும்.

இளைஞர்களே! ஃபைலை வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நோயாளி தனக்கு நம்பிக்கையான ஒருவரை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ இட்டு, தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். மறுத்தால் மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். அதற்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

அந்த இளைஞருக்காக உட்கார்ந்து மனு எழுதினோம். பன்னிரண்டாம் நாள் நகல் கிடைத்தது. ஒரு மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதில் எழுதியிருந்தது. புதிய டாக்டர் அதையேதான் எழுத இருந்தாராம்!

பிறருடைய நோய் நம்மிடம் உள்ள அமானிதம். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் அதைப் பேசாதீர்கள். அந்த ஃபைல் அவருடையது. அதை அவர் கையில் சேர்க்கத் துணை நில்லுங்கள்.