கருவி நேசமும் இல்லற நெறியும்

(நெய்வேலியில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

 

கருவிகளில் பெருநாட்டம் கொண்ட பெற்றோரின் இல்லற வாழ்வைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இதைப் பேச நெய்வேலியினும் ஏற்ற இடமில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு கருநிறத் துகள்கள் மேலெழுந்தன. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. எந்திரத்தை நம்பிப் பிறந்த இந்நகரில், ஷிப்டு முடிந்து வீடு திரும்பிய தந்தையர் சால்டரிங் கோலும் ஈயக்கம்பியுமாக அமர்ந்து, பழுதுற்ற வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தது வியப்பன்று. அந்த ஆர்வம் இன்று கணினியாகவும் கைப்பேசியாகவும் வடிவம் மாறியிருக்கிறது. தாய்மாரும் அதில் பின்தங்கவில்லை.

இந்நாட்டத்தைக் குற்றமெனச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறேன். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களுக்கு உரியது. அதனால் உறங்கச் செல்லும் வரை நமக்குப் பிறரினும் நீண்ட மாலை வாய்க்கிறது. முன்னாளில் அந்நேரத்தில் பெரியவர் ஸ்ரீபுராணம் படிக்க, மற்றவர் சூழ அமர்ந்து கேட்டனர். இன்று அதே நேரத்தில் தந்தை ஓர் அறையிலும், மகள் ஓர் அறையிலும், மகன் மொட்டைமாடியிலும் தத்தம் திரையை நோக்கியிருக்கின்றனர். பாட்டி மட்டும் கூடத்தில் தனித்திருக்கிறார். கருவி நேசம் குடும்பத்தை ஓரிடத்தில் கூட்டுகிறதா, அறைக்கொருவராகப் பிரிக்கிறதா? இதுவே என் வினா.

விடையை நம் முன்னோர் வாழ்விலேயே தேடலாம். நெய்வேலிக்கு அண்மையில், கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் பண்டைக் காலத்தில் பாடலி எனப்பட்ட சமணக் கல்வி நிலையமாகும். காஞ்சியரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைப் பாடலியில் இயற்றினார். உலக அமைப்பையும் வானியலையும் கூறும் அந்நூல், சுழியத்தையும் இடமதிப்பையும் கொண்டு எண்களைக் குறித்த மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக வரலாற்றறிஞரால் போற்றப்படுகிறது. ஆனால் சர்வநந்தி பிராகிருதத்தில் எழுதிய மூலம் இன்று இல்லை. சிம்மசூரி வடமொழியில் பெயர்த்தமையாலேயே நாம் அதனை அறிகிறோம். படியெடுத்தோர் இருந்தால் நூல் வாழும், இல்லையேல் மறையும். வளையாபதியில் சில பாடல்களே எஞ்சியதும், சிந்தாமணி முழுமையாக நிலைத்ததும் நாம் அறிந்தவையே. உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏடுகளோடு கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தாரின் விளக்கமும் அவருக்குத் துணைநின்றது.

உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நம் நெறி இல்லறத்தார்க்கு விதித்தது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார். அவரும் பிள்ளை பெற்று வளர்த்த தாயே. அக்காலத்தில் ஓலையும் எழுத்தாணியும் ஆற்றிய பணியை இன்று கைப்பேசியும் கணினியும் ஆற்றலாம். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம், 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றித் தட்டச்சிட்டனர். நாலடியாரும் சிந்தாமணியும் இன்று எவர்க்கும் இலவசமாகக் கிடைப்பது இத்தகைய பொழுதுபோக்கின் பயனன்றோ!

நானறிந்த இல்லமொன்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. மின்கருவிகளில் ஆர்வமிக்க தந்தை ஒருவர், தம் தாயார் ஆண்டுதோறும் சொல்லிவந்த அனந்த நோன்புக் கதையைப் பதிவு செய்ய எண்ணினார். பேத்தி கையெழுத்து நோட்டைப் பார்த்துத் தட்டச்சிட்டாள். நோட்டில் இல்லாத இரண்டு வரிகளைப் பாட்டி மனத்திலிருந்து சொன்னார். கரையான் அரித்த பக்கத்தில் இருந்தவை அவை. மறு ஆண்டு நோன்பின்போது அம்மூதாட்டி இல்லை. அவ்விரு வரிகளும் அந்தக் குரலும் அவ்வீட்டில் இருக்கின்றன.

எனவே கருவியில் வல்ல பெற்றோரிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். உங்கள் ஊர் வீட்டுப் பரணில் ஏட்டுக்கட்டோ பழைய நோட்டோ இருந்தால் இறக்குங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளை வலிந்து பிரிக்க வேண்டா. சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இருபுறமும் வரிசை மாறாமல் படமெடுங்கள். எந்த ஊர், யார் வீட்டு ஏடு என்பதை எழுதி வையுங்கள். குரலைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு படியைக் கைப்பேசியில் மட்டும் விட்டுவிடாமல், மூன்று இடங்களில் வையுங்கள். கிரந்த எழுத்தைப் படிக்க முதியோர் வேண்டும். தட்டச்சிட இளையோர் வேண்டும். கருவியை இயக்க நீங்கள் வேண்டும். இப்பணியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இடமுண்டு. கிரந்தம் படிக்க வல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மற்றொன்றும் உண்டு. பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதம் பொருளுக்கு எல்லை வகுக்கச் சொல்கிறது. நிலத்துக்கும் பொன்னுக்கும் வகுத்த எல்லை கைப்பேசிக்கும் பொருந்தும். புதியது வந்ததென்று, நன்றாக இயங்குவதை ஒதுக்குதல் நமக்கு அழகன்று. பழுதான கருவிகளைக் குப்பையில் எறிந்தால் அவற்றிலுள்ள ஈயமும் பாதரசமும் மண்ணிலும் நீரிலும் வாழும் சிற்றுயிர்களை வருத்தும். அவற்றை முறையாக மறுசுழற்சி செய்வோரிடம் ஒப்படைத்தலும் அகிம்சையே.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், வாரத்தில் ஒரு மாலையையேனும் இப்பணிக்கு ஒதுக்குங்கள். கூடத்தில் ஒரே விளக்கின் கீழ் ஒரே திரையைச் சுற்றி அமருங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் குடும்பத்திற்கு ஒரு நூலோ, ஒரு பாடலோ, ஒரு நோன்புக் கதையோ படியெடுக்கப்பட்டுவிட்டால், அவற்றைத் தொகுத்துக் காக்கும் பொறுப்பை நம் அறக்கட்டளை ஏற்கவேண்டும் என வேண்டுகிறேன்.